ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா சொல்லுங்க

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு மனிதரை முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்துப் பாடாய்ப் படுத்தினேன். அவர் செய்த ஒரே குற்றம், கண்ணாடி வாங்க வந்தது.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்புறத் தெருவில் இருந்த கண்ணாடிக் கடை அது. கண் பரிசோதனைப் படிப்பை முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். முதலாளி ரஹீம் பாய், திருவல்லிக்கேணிக்காரர். கடைக்குப் பின்னால் திரை போட்ட சின்ன அறைதான் என் ராஜ்ஜியம். ஒரு நாற்காலி, சுவரில் எழுத்து சார்ட், ஒரு பெட்டி நிறைய ட்ரையல் லென்ஸ். அவ்வளவுதான் சொத்து.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வந்தவர் மூக்கில் கனமான ஒரு ட்ரையல் ஃப்ரேமை மாட்டுவோம். அதில் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போடுவோம். கடைசிக் கட்டத்தில், கைப்பிடி வைத்த ஒரு சின்ன லென்ஸைக் கண்ணுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, "இது ஒண்ணு... இது ரெண்டு... எது தெளிவா இருக்கு?" என்று கேட்போம். ஒன்று என்றால் பவரை ஒரு பக்கம் நகர்த்துவோம். இரண்டு என்றால் மறு பக்கம். பிறகு மறுபடியும் அதே கேள்வி.

அன்று வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பாவம், ஒவ்வொரு கேள்விக்கும் வியர்த்தார். "ஒண்ணு... இல்லம்மா, ரெண்டு... இரு இரு, தப்பா சொன்னா மார்க் போயிடுமா?" என்றார். ஒரு கட்டத்தில், "ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு" என்றார். நான் விடவில்லை. "நல்லா பாத்துச் சொல்லுங்க சார்" என்றேன். மனிதர் பயந்துபோய் ஏதோ ஒன்றைச் சொன்னார். நான் அதை நம்பிப் பவரை நகர்த்தினேன். எல்லாம் குழம்பிப்போய், கடைசியில் சார்ட்டின் பெரிய எழுத்தே அவருக்குக் கலங்கலாகத் தெரிந்தது.

பாய் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, அவரு வூட்டுக்குப் போவ வேணாமா? எப்ப 'ரெண்டும் ஒண்ணு'ன்னாரு?"

"அப்பவே சொன்னாரு பாய்."

"அப்பவே முடிஞ்சுபோச்சேம்மா! காலேஜுல இத சொல்லித் தரலியா?"

சொல்லித் தந்தார்கள். பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். ஒன்றும் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் இடம்தான் சரியான பவர். அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் உயிருள்ள ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து "ரெண்டும் ஒண்ணு" என்றபோது, அவர் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் என் புத்திக்குத் தோன்றியது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தால் போதாது, எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும்.

2. சுவர்

நான் சேர்ந்த காலத்தில் ஃப்ரேம்கள் எல்லாம் மேஜை டிராயருக்குள் இருக்கும். பாய் வந்தவரின் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். டிராயரைத் திறந்து மூன்று ஃப்ரேமை எடுத்துத் தட்டில் வைப்பார். அந்த மூன்றில் ஒன்று பிரமாதமாக இருக்கும், ஒன்று பரவாயில்லை ரகம், ஒன்று வருஷக்கணக்கில் நகராமல் கிடக்கும் சரக்கு. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். நகராத சரக்கை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு ஊரில் எல்லோரும் சுவர் வைத்தார்கள், நாங்களும் வைத்தோம். தரையிலிருந்து கூரை வரை விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரி. எண்ணூறு ஃப்ரேம். அதோடு முடிந்ததா? லென்ஸுக்குத் தனிப் பாட்டு. சாதாவா, மெலிசா, இன்னும் மெலிசா? ப்ளூ கட் வேணுமா? வெயிலில் கறுப்பாகிறது வேணுமா? கோட்டிங் பச்சையா, நீலமா? இதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்து முடிக்கும்போது எதிரே இருப்பவர் முகம் வெளுத்திருக்கும். எனக்கே அந்த வரிசையைக் கேட்டால் எரிச்சல் வரும்.

எங்கள் ஃபிட்டர் ஏழுமலை கடை மூலையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை அரைத்துப் பொருத்துவது அவர் வேலை. ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். மெஷின் சும்மா இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

"அக்கா, மூணு காட்டுனா ஒண்ண வாங்கிக்கினு போனான். இப்ப முன்னூறு காட்டுறோம், வூட்ல கேட்டுக்கினு வரேன்றான். இன்னா கணக்குக்கா இது?" என்பார்.

அவர் சொன்னது நிஜம். கையை வீசிக்கொண்டு வருவார்கள், நாற்பது ஃப்ரேமை மாட்டிக் கழற்றுவார்கள், தலைவலியோடு திரும்பிப் போவார்கள். ஒருவர் ஒரே ஃப்ரேமை இரண்டு தரம் எடுத்து, முதல் தரம் "சகிக்கல" என்றும் இரண்டாம் தரம் "இதுதான் பெஸ்ட்" என்றும் சொன்னார். நான் பில் புத்தகத்தை எடுத்தேன்.

3. ஜானகி மாமி

ஜானகி மாமிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. மாட வீதிப் பக்கம் வீடு. முதல் தரம் கடைக்கு வந்தபோது ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, கல்யாணப் பத்திரிகை நீட்டுவது போல இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பார்த்தால் எல்.எல்.ஆர். ஸ்கூட்டர் ஓட்டப் பழகுவதற்கான லைசென்ஸ்.

"அடையாறுல எங்கக்கா இருக்கா. இங்கேர்ந்து என்ன தூரம் சொல்லுங்கோ? முப்பது வருஷமா அங்க போறதுக்கு, ஆத்துல யாராவது ஃப்ரீயா இருக்காளான்னு பாத்துண்டே இருக்கேன். இனிமே நானே ஓட்டிண்டு பாலத்தத் தாண்டப் போறேன்."

பையனின் பழைய ஸ்கூட்டர் வீட்டில் நிற்கிறது. பழகியும் விட்டார். ஒரே முட்டுக்கட்டை கண்ணாடி. பவர் மைனஸ் ஏழுக்கு மேல். பழைய கண்ணாடியின் மூக்குப் பக்கம் விரிசல் விட்டு, பசை போட்டு ஒட்டியிருந்தது. லென்ஸ் முழுக்கக் கீறல். ஓட்டக் கற்றுக்கொடுத்த பெண் கறாராகச் சொல்லிவிட்டாளாம், புதுக் கண்ணாடி போடாமல் டெஸ்டுக்கு வரவேண்டாம் என்று. எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். அதில் ஒன்றரை மாதம் போயிருந்தது. இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

டெஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமியின் கை இரண்டும் கோத்துக்கொண்டன. ஒன்றா இரண்டா ஆரம்பித்தது. "முன்னாடி காமிச்சத இன்னொரு வாட்டி காமிங்கோ" என்றார். காட்டினேன். "அதுக்கும் முன்னாடி காமிச்சேளே, அது?" காட்டினேன். பத்துப் பன்னிரண்டு தரம் ஆனது. கடைசியில் ட்ரையல் ஃப்ரேமைக் கையால் பிடித்துக்கொண்டு, "நான் தப்பா சொல்லி, நீங்க அத அப்படியே எழுதிண்டு, நான் எங்கயாவது போய் முட்டிண்டா?" என்றார். 

எனக்கு அந்தப் பள்ளி ஆசிரியர் ஞாபகம் வந்தது. கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தேன்.

"மாமி, இதுல தப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒண்ணுன்னா ஒரு பக்கம் போவேன், ரெண்டுன்னா இன்னொரு பக்கம் போவேன். ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா சொல்லுங்க. அதோட டெஸ்ட் முடிஞ்சுது."

"ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லலாமா? அது தெரியாதுன்னு சொல்ற மாதிரி ஆகாதோ?"

"அந்த பதிலுக்குத்தான் மாமி நான் இவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்."

மாமி ஃப்ரேமுக்குள்ளிருந்து என்னை முறைத்தார். "இத மொதல்லயே சொல்லப்படாதோ? அநியாயமா வேர்த்துக் கொட்டித்தே நேக்கு!" என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் பவர் எழுதி முடித்துவிட்டேன்.

அப்படியே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே சுவர்.

4. ஆத்துல ஓட்டு

முதல் நாள் முப்பது ஃப்ரேம் மாட்டிப் பார்த்து, "நாளைக்கு அவரோட வரேன்" என்று போனார். மறுவாரம் கணவர் ராமமூர்த்தி சாரோடு வந்தார். அவர் கணக்கு ஆடிட் வேலையில் இருந்தவர். எந்தப் பொருளையும் ஆடிட் பண்ணாமல் கையில் வாங்கமாட்டார். ஒவ்வொரு ஃப்ரேமின் எடை, கேரண்டி, கீல், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். எழுதி முடிக்கையில் கடை சாத்தும் நேரம் வந்துவிட்டது.

மூன்றாவது தரம் மாமி ஃப்ரேம் மாட்டிக்கொள்ள மாட்டிக்கொள்ள, சார் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். குரூப்பில் பதினான்கு பேர். பெங்களூரில் இருக்கும் பையனுக்குக் கறுப்பு பிடித்தது. மருமகளுக்கு ரோஸ். நாத்தனாருக்கு, "ஜானகிக்கு எதுக்கு இந்த வயசுல வட்டக் கண்ணாடி?" மன்னார்குடி சித்தப்பா எல்லாப் படத்துக்கும் கும்பிடு போட்டார். ஓட்டெடுப்பு வைத்தார்கள். சார் போட்ட ஒன்பது ஃப்ரேமுக்கும் ஓட்டு பிரிந்தது. அடையாறு அக்கா மட்டும், "எதையாவது போட்டுண்டு சீக்கிரம் வந்து சேருடி" என்று எழுதியிருந்தார்.

நான்காவது தரம், ஐந்தாவது தரம். மாமி சுவர் முன்னால் நிற்கும்போது அவர் தோள் இறங்குவதைப் பார்ப்பேன். ஏழுமலை மெஷினைத் துடைத்துக்கொண்டே முணுமுணுப்பார். "அக்கா, இது அஞ்சாவது தபா. லைசென்ஸ் எக்ஸ்பைர் ஆவுறதுக்குள்ள நா அந்தம்மாவ ரிக்சால உக்கார வச்சு அடையாறுல வுட்டுட்டு வந்துடுவேன்."

மாமியைச் சொல்கிறேனே, என் லட்சணம் என்னவென்று கேளுங்கள். அந்த நேரத்தில்தான் ரஹீம் பாய் தி.நகரில் பெரிய கடை ஒன்று திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "கலா, நீ தி.நகர் வர்றியா, இங்கயே இருக்கியா? சம்பளம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். நீ எது சொல்றியோ அதான்" என்றார். போ என்றிருந்தால் போயிருப்பேன். இரு என்றிருந்தால் இருந்திருப்பேன். நீயே சொல் என்று மனிதர் என் தலையில் கல்லைப் போட்டார்.

நோட்டில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன். எனக்கு வீடு நங்கநல்லூர். தி.நகர் என்றால் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கலாம். புது மெஷின், ஏ.சி. ரூம். மயிலாப்பூர் என்றால் பஸ்ஸில் நசுங்க வேண்டும், ஆனால் பழகின முகங்கள், பக்கத்துக் கடைக் காபி. வீட்டுக்காரரைக் கேட்டால், "உனக்கு எது சௌகரியமோ அதப் பண்ணு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு மாதம் ஆயிற்று. பாய் தினமும் கேட்பார், "இன்னாம்மா முடிவு?" நான் தினமும், "நாளைக்குச் சொல்றேன் பாய்." நாள் முழுக்க ஒன்றா இரண்டா என்று ஊரையே கேட்கிறவளுக்கு இரண்டு கடையில் ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை.

5. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்

ஆறாவது தரம் மாமி வந்தபோது எல்.எல்.ஆருக்கு நான்கே நாள் மிச்சம். சனிக்கிழமையோடு காலாவதி. டெஸ்ட்டுக்கு ஸ்லாட் வெள்ளிக்கிழமை காலை. அது போனால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மாமியின் பவருக்கு மெலிசு லென்ஸ் வெளியிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். செவ்வாய் ராத்திரிக்குள் ஆர்டர் போட்டால்தான் வியாழன் சாயங்காலம் ஏழுமலை கைக்கு லென்ஸ் வரும்.

சார் நோட்டோடு வந்திருந்தார். மேஜையில் பதினாறு ஃப்ரேம் பரப்பியிருந்தது. மாமி ஒவ்வொன்றாக மாட்டி, மூக்கு மோதும் அளவுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டி நின்றார். பிறகு திரும்பி, "எப்படியிருக்கு?" என்று சாரைக் கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் ஏழுமலையைப் பார்த்தேன்.

மாமி ஃப்ரேமைக் கழற்றி வைத்தார். "போறும்னா. விட்டுடலாம். நேக்கு ஒரு ஃப்ரேம் பார்த்து எடுக்கத் தெரியல, நான் ரோட்டுல எப்படி வண்டி ஓட்டுவேன்?" என்றார். கண் நிறைந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. மாமி மேல் இல்லை, என் மேல். "ஏன் மாமி இப்படிக் கண்ணாடிய மோதிக்கிட்டு நிக்கிறீங்க, தள்ளி நின்னு முழு முகத்தப் பாருங்க" என்று சொல்ல வாய் எடுத்தேன். பாதியில் வார்த்தை நின்றுவிட்டது.

தள்ளி நின்றால் மாமிக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஷோவுக்கு வைத்த ஃப்ரேமில் இருப்பது பவர் இல்லாத டம்மி. மைனஸ் ஏழரைக் கண்ணுக்கு அந்த டம்மி வழியாகத் தெரிவது ஒரு மங்கலான உருவம். இத்தனை மாதமாக மாமி எண்ணூறு ஃப்ரேமில் தேடிக்கொண்டிருந்தார், சார் எடுத்த சின்ன போட்டோக்களைத் தவிர ஒன்றில்கூடத் தன் முகத்தை முழுசாகப் பார்க்கவில்லை. அதனால்தான் பதினான்கு பேரைக் கேட்டார். கண்ணைச் சோதிப்பதே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு, ஐந்து தரம் பக்கத்திலேயே நின்றும் அது உறைக்கவில்லை. வெட்கக்கேடு.

"மாமி, உள்ள வாங்க" என்றேன்.

ட்ரையலுக்கு வைத்திருந்த கான்டாக்ட் லென்ஸில் அவர் பவருக்குக் கிட்டத்தட்டச் சரியாக வருவதை எடுத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"இது என்னது? கண்ணுக்குள்ளயா? ராமா! வேண்டவே வேண்டாம்!"

"ஒரு நிமிஷம் மேல பாருங்க. மேல ஃபேன் ஓடுதா?"

"ஓடறது."

"அவ்ளோதான். போட்டாச்சு."

மாமி இரண்டு தரம் இமைத்தார், கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொண்டார். கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். ஏழுமலை முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியைத் தூக்கி வந்து நான்கடி தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமி நாலாங்கிளாஸிலிருந்து கண்ணாடி போடுகிறவர். கண்ணாடி இல்லாத தன் முகத்தை இவ்வளவு தெளிவாக அவர் பார்த்ததே இல்லை. கன்னத்தைத் தொட்டார். புருவத்தைத் தடவினார். "ஏன்னா, எனக்கு இங்க ஒரு மச்சம் இருக்கா?" என்று கண்ணுக்குக் கீழே காட்டினார்.

"கல்யாணத்தன்னிக்கே பாத்தேனே" என்றார் சார்.

"சொல்லவே இல்லையே!"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஏழுமலை கண்ணாடிக்குப் பின்னால் மூஞ்சியை மறைத்துக்கொண்டு சிரித்தார்.  

அதற்குப் பிறகு மாமி ஃப்ரேம் பார்த்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இது வேண்டாம், ஆந்தை மாதிரி இருக்கேன். இது எங்க மாமியார் மூஞ்சி. இது பெங்களூர்க்காரனுக்குப் பிடிச்சுது, அவனே போட்டுக்கட்டும்." பதினாறு ஐந்து நிமிஷத்தில் இரண்டாகிவிட்டது. ஒன்று கருஞ்சிவப்பு, ஓரம் லேசாகத் தூக்கினது. இன்னொன்று நாத்தனார் வேண்டாமென்ற அதே வட்டம்.

இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டினார். மறுபடி அந்தப் பழைய பயம் முகத்தில் எட்டிப் பார்த்தது. கையில் ஒன்றும் கண்ணில் ஒன்றுமாக என் பக்கம் திரும்பி, "கலா, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, எத..." என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் மெல்ல.

"முடிஞ்சுது மாமி."

மூக்கில் இருந்தது கருஞ்சிவப்பு. அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சார், "குரூப்புல ஒரு வார்த்தை..." என்று போனை எடுத்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டுக்கலாம்" என்றார் மாமி. கான்டாக்ட் லென்ஸை எடுக்கும்போது நான் சும்மா இராமல், "இதுவே பழகிட்டா வண்டி ஓட்டவும் போட்டுக்கலாம், வேணும்னா..." என்று தொடங்கினேன். மாமி என் வாயைப் பொத்தினார். "கலா, உங்களுக்குப் புண்ணியமா போறது, இன்னொரு சாய்ஸ் குடுக்காதேங்கோ!"

6. பச்சை விழுந்தது

வியாழன் சாயங்காலம் லென்ஸ் வந்தது. ஏழுமலை டீ குடிக்கக்கூட எழவில்லை. மைனஸ் ஏழரை லென்ஸ் ஓரத்தில் தடிக்கும். கொஞ்சம் அசந்தால் ஃப்ரேமுக்கு வெளியே முட்டிக்கொண்டு நிற்கும். ஆறரை மணிக்குப் பொருத்தி முடித்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அக்கா, இத போட்டுக்கினு எட்டு போடாம வந்தா, நா அந்தம்மாகிட்ட பேசவே மாட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மூன்று பேருக்கும் வேலை ஓடவில்லை. பாய் கடை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டே காலுக்கு அடித்தது. நான் எடுப்பதற்குள் ஏழுமலை எடுத்துவிட்டார். கேட்டுக்கொண்டே இருந்தவர், போனைக் கையால் மூடி, "கால கீழ ஊனவே இல்லியாம்க்கா!" என்று கத்தினார். பாய் எழுந்து நின்று கை தட்டினார்.

லைசென்ஸ் கார்டு தபாலில் வந்த அன்று கடை வாசலில் ஹாரன் கேட்டது. கருஞ்சிவப்புக் கண்ணாடியும் ஹெல்மெட்டுமாக மாமி. பின்னால் சார், இன்னொரு ஹெல்மெட்டோடு, கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி. அடையாறு போய் அக்காவைப் பார்த்துவிட்டு அப்படியே வருகிறார்களாம். பாலத்தின் மேல் போகும்போது அவர் "மெதுவா, மெதுவா" என்று கத்தியது தனக்குக் காற்றில் கேட்கவே இல்லை என்றார் மாமி. கையில் மைசூர்பாகு டப்பா. "கடையில அம்பது தினுசு ஸ்வீட் இருந்துது. முதல்ல கண்ணுல பட்டத வாங்கிண்டு வந்துட்டேன். ஒரு நிமிஷம் ஆகல" என்றார் பெருமையாக.

பாய் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ஆரம்பித்தார். "கலா, திங்கக்கிழமை தி.நகர் கடை திறக்குறோம். போர்டு கூட மாட்டியாச்சு. இன்னாம்மா முடிவு?"

"நாளைக்குச் சொல்றேன் பாய்."

"என்ன முடிவு?" என்றார் மாமி. ஏழுமலைக்கு வாய் சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், என் நோட்டில் கோடு போட்டது உட்பட. மாமி ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் எதிரே வந்து நின்றார். இரண்டு விரலை என் கண் முன்னால் நீட்டினார்.

"இது தி.நகர். இது மயிலாப்பூர். எது தெளிவா இருக்கு?"

"மாமி, சும்மா இருங்க."

"பாத்து சொல்லுங்கோ. தப்புன்னு ஒண்ணு கிடையாது."

"தி.நகர்ல ரயில் வசதி. இங்கன்னா பழகின எடம்... ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு மாமி."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. மாமி விரலை மடக்கிக்கொண்டார். "டெஸ்ட் முடிஞ்சுடுத்து" என்றார்.

எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை! ஒரு தரமும் எனக்கு நான் சொல்லிக்கொண்டதில்லை. பாய் பக்கம் திரும்பி, "தி.நகர் வரேன் பாய்" என்றேன். ஏன் தி.நகர் என்று கேட்டால், முதலில் வாயில் வந்தது அதுதான். இரண்டு மாதமாகத் தோளில் உட்கார்ந்திருந்த பாரம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. அங்கே போய் முதல் வேலையாக, பவர் அதிகமுள்ளவர்களுக்கு ட்ரையல் கான்டாக்ட் லென்ஸ் போட்டுவிட்டுத்தான் ஃப்ரேம் காட்டுவது என்று வழக்கம் வைத்தேன். ஓய்வுபெறும் வரை அங்கேதான் இருந்தேன். மயிலாப்பூரிலேயே இருந்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருப்பேன். பிள்ளைகளே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

"ஏறுங்கோ" என்றார் மாமி. "புதுக் கடையப் பாத்துட்டு வந்துடலாம்."

சார் இறங்கிக்கொண்டு தன் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிவிட்டார். மைசூர்பாகு டப்பாவோடு அவர் கடை வாசலில் ஏழுமலை பக்கத்தில் நிற்க, நாங்கள் கிளம்பினோம். லஸ் தாண்டி ஆழ்வார்பேட்டை சிக்னலில் சிவப்பு விழுந்தது. மாமி காலை ஊன்றிக்கொண்டு, தலையைப் பாதி திருப்பிக் கேட்டார்.

"கலா, எல்டாம்ஸ் ரோடு வழியா போலாமா, நந்தனம் வழியா போலாமா?"

"ரெண்டும் தி.நகருக்குத்தான் மாமி போகுது. பச்சை விழுந்துடுச்சு, ஓட்டுங்க!"